எதுவும் நடக்காத ராத்திரிக்கு மார்க் இல்லை: ஒரு பெரிய ஃபின்டெக் கம்பெனியில் ஆறரை வருஷம்

ரேட்டிங்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை இழுக்க வேண்டாம். ஐந்துக்கு மூன்று. கற்றுக்கொண்டதற்கு நாலரை, டீமுக்கு நாலு, சம்பளத்துக்கு மூன்று, அப்ரைசலுக்கு ஒன்று. அந்த ஒன்றுகூட பூஜ்யம் போட வழியில்லாததால் போட்டது. கம்பெனி பெயரை எழுதப் போவதில்லை. விலகும்போது கையெழுத்துப் போட்ட காகிதங்களில் என்னென்ன இருந்தது என்று எனக்கே முழுசாக ஞாபகமில்லை, அதனால் ஜாக்கிரதையாகவே இருக்கிறேன். ஆனால் இந்த மாதிரி கம்பெனிகளில் இருந்தவர்கள் படித்தால் "இது நம்ம ஆபீஸ்தானே" என்று நினைப்பார்கள், அந்த அளவுக்கு எல்லாம் ஒரே அச்சு.

நான் இருந்தது வெளியே தெரியாத வகை ஃபின்டெக். உங்கள் போனில் அதன் ஆப் இருக்காது, விளம்பரத்தில் நடிகர் யாரும் வர மாட்டார். கடையில் மெஷின் மேல் கார்டைத் தட்டுகிறீர்கள், இரண்டு நொடியில் 'அப்ரூவ்டு' என்று வருகிறது. அந்த இரண்டு நொடிக்குள் தகவல் கடைக்காரரின் வங்கி, கார்டு நெட்வொர்க், உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கி என்று போய்த் திரும்பி வந்துவிடுகிறது. அந்த வழியில் நடுவே உட்கார்ந்திருக்கும் கம்பெனி எங்களுடையது. இதில் பலருக்குத் தெரியாத ஒன்று, கார்டைத் தட்டும்போது பணம் எங்கேயும் போவதில்லை. அப்போது கிடைப்பது அனுமதி மட்டும். நிஜப் பணம் பிற்பாடு, பெரும்பாலும் ராத்திரி, மூட்டை மூட்டையாக ஃபைல் கட்டி அனுப்பும்போதுதான் நகரும். அதற்கு செட்டில்மென்ட் என்று பெயர். அனுமதித்ததும் அனுப்பியதும் வங்கியில் விழுந்ததும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது ரீகன்சிலியேஷன், ஆபீஸ் பாஷையில் ரீகான். முதல் இரண்டு வருஷம் டெஸ்டிங்கில் இருந்தேன், மீதி நாலரை வருஷம் இந்த செட்டில்மென்ட், ரீகான் பக்கம்.

இன்டர்வியூவில் இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள். கிளவுட், மைக்ரோசர்வீஸ், இப்போது என்றால் ஏஐ, இதைப் பற்றித்தான் பேசுவார்கள். நானும் அதற்குத்தான் ராத்திரி பகலாகப் படித்துவிட்டுப் போனேன். சேர்ந்த மூன்றாம் நாள் என் முன்னால் வந்து நின்றது கோபால் (COBOL). தமிழில் எழுதினால் பக்கத்து சீட்டுக்காரர் பெயர் மாதிரி இருக்கிறது, ஆனால் இது 1959-இல் உருவாக்க ஆரம்பித்த ஒரு கம்ப்யூட்டர் மொழி. மெயின்ஃபிரேம் என்கிற பெரிய கம்ப்யூட்டர்களில் இன்னும் அசராமல் ஓடுகிறது. அதன் மேல் ஜாவா, அதன் மேல் புதுசாக ஒரு பூச்சு, அதன் மேல் இன்டர்வியூவில் காட்டிய அந்த அழகான படம். புதுசாக வருகிறவர்களுக்கு முதல் ஆறு மாதம் பெரிய ஏமாற்றமாக இருக்கும். எனக்கும் இருந்தது, நடுவில் வேறு வேலைகூடத் தேடினேன். அப்புறம் மெதுவாக அந்தப் பழசு பிடித்துப்போனது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஏன் பிடித்தது என்றால், இந்த வேலையில் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. கார்டு மெசேஜ்கள் போகும் வடிவத்துக்கு ஐஎஸ்ஓ 8583 என்று பெயர், முதல் பதிப்பு 1987. அதில் 0100 என்று ஆரம்பித்தால் 'அனுமதி தருகிறாயா' என்று கேள்வி, 0110 என்றால் பதில், 0400 வகை என்றால் 'முன்னால் சொன்னதை மறந்துவிடு' என்று அர்த்தம். பதிலில் 51 வந்தால் கணக்கில் பணமில்லை, 55 என்றால் பின் நம்பர் தப்பு, 91 என்றால் கார்டு கொடுத்த வங்கியே எட்டவில்லை. 05 தான் வேடிக்கை, 'தர முடியாது' என்பதைத் தவிர அதில் ஒன்றும் இருக்காது, காரணம் கேட்காதே என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிற மாதிரி. தொகை வரும் இடத்தில் புள்ளியே கிடையாது, 12 இலக்கம் மட்டும். எந்த நாணயம் என்று பார்த்துத்தான் புள்ளியை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலான நாணயங்களுக்கு இரண்டு இடம், ஜப்பான் யென்னுக்கு ஒன்றும் கிடையாது, குவைத் தினாருக்கு மூன்று. யென்னுக்கும் இரண்டு இடம் விட்டு எழுதிய ஒரு புது ஆளின் புரோகிராமை டெஸ்டிங்கிலேயே பிடித்தோம். வெளியே போயிருந்தால் எல்லாத் தொகையும் நூறில் ஒரு பங்காகியிருக்கும். அந்தப் புது ஆள் நான்தான்.

சரி, கம்பெனிக்கு வருவோம். இந்தத் துறையின் பெரிய கம்பெனிகள் தானாக வளர்ந்தவை குறைவு, விழுங்கி வளர்ந்தவைதான் அதிகம். 2019 ஒரே வருஷத்தில் ஃபைசர்வ் சுமார் 22 பில்லியன் டாலருக்கு ஃபர்ஸ்ட் டேட்டாவை வாங்கியது, எஃப்ஐஎஸ் வேர்ல்ட்பேவை வாங்கியது, குளோபல் பேமென்ட்ஸ் டிசிஸுடன் சேர்ந்தது. அதில் எஃப்ஐஎஸ், நாலு வருஷம் கழித்து 2023-இல் வேர்ல்ட்பேவின் பெரும்பங்கை விற்பதாக அறிவித்தது. செய்தியில் படிக்கும்போது இதெல்லாம் யானைகள் கல்யாணம் மாதிரி தெரியும். உள்ளே இருப்பவருக்கு அது எப்படி இருக்கும் என்றால், எங்கள் கம்பெனியில் லீவு போட மூன்று போர்ட்டல் இருந்தன. நீங்கள் எந்தப் பழைய கம்பெனி வழியாக வந்தீர்கள் என்பதைப் பொறுத்து எதில் போட வேண்டும் என்பது மாறும். என் மேனேஜர் ஒரு கம்பெனியிலிருந்து வந்தவர், நான் இன்னொன்று, என் லீவை அப்ரூவ் செய்ய அவருக்கு பட்டனே வராது. நாலு மாதம் ஒவ்வொரு லீவுக்கும் ஹெல்ப்டெஸ்க்கில் டிக்கெட், அதாவது புகார், போட்டோம். மனிதர்களும் அப்படித்தான், சேர்ந்து ஏழு வருஷம் ஆன பிறகும் மீட்டிங்கில் "நாங்க அந்தப் பக்கம்" என்று பழைய பெயரைச் சொல்லித்தான் அறிமுகம் செய்துகொள்வார்கள். ஒரே கஸ்டமர் நாலு சிஸ்டத்தில் நாலு பெயரில் இருப்பார். இரண்டு கம்பெனி சேர்ந்தால் ஒரே வேலையைச் செய்கிற இரண்டு டீம் இருக்குமே, அதில் ஒன்று எப்போது போகும் என்ற கேள்வி எல்லார் தலைக்கு மேலும் தொங்கிக்கொண்டிருக்கும். 'சினெர்ஜி' (சேர்ந்ததால் செலவு மிச்சம் என்று அர்த்தம்) என்ற சொல் மேலிருந்து வரும் மெயிலில் தென்பட்டால் எல்லோரும் ரெஸ்யூமேயைத் தூசி தட்ட ஆரம்பித்துவிடுவோம். ஆறரை வருஷத்தில் எனக்கு ஏழு மேனேஜர்கள். அதில் இருவரை நான் நேரில் பார்த்ததே இல்லை.

இனி ஒரு ராத்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் போட்ட மூன்று மார்க்குக்கும் போடாத இரண்டுக்கும் அதுதான் காரணம்.

ஆன்-கால் வாரம், அதாவது எந்த நேரத்தில் எது உடைந்தாலும் எழுந்து பார்க்க வேண்டிய முறை என்னுடையது. இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு போன் கத்தியது. செட்டில்மென்ட் ஃபைலின் கடைசி வரியில், டிரெய்லர் என்போம், மொத்தம் எத்தனை ரெக்கார்ட், மொத்தத் தொகை எவ்வளவு என்று இருக்கும். அது உள்ளே இருப்பதோடு ஒத்துப்போகாவிட்டால் வங்கி அந்த ஃபைலையே திருப்பி அனுப்பிவிடும், ஒரு ரெக்கார்டு தப்பு என்றாலும் முழு ஃபைலும் போச்சு. அன்றைக்கு ஃபைலில் பதினான்கு லட்சத்துக்குக் கொஞ்சம் அதிகமாக வரிகள். தொகை பைசா பிசகாமல் சரி. எண்ணிக்கையில் மட்டும் ஒன்று கூட. வங்கியின் கட்-ஆஃப் நாலரை மணி. அது தவறினால் காலையில் கடைக்காரர்களுக்குப் பணம் விழாது, அத்தனை பேருக்கும்.

முதல் அரை மணி நேரம் நான் தேடியது டூப்ளிகேட்டை, ஏதோ ஒன்று இரண்டு தடவை வந்துவிட்டது என்று. கிடைக்கவில்லை. டீமில் பதினெட்டு வருஷமாக இருக்கும் அக்கா ஒருவரை எழுப்பினேன், அவருக்கு அன்றைக்கு ஆன்-கால் இல்லை, எழுப்பியிருக்கவே கூடாது. தூக்கக் குரலில் கேட்டுவிட்டு, "தொகை சரியா இருந்து கவுண்ட் மட்டும் கூடுதுன்னா அது பணம் இல்லடா, எங்கேயோ வரி உடைஞ்சிருக்கு, குட்டையான வரியைத் தேடு" என்றார். தேடினேன். எல்லா வரியும் ஒரே நீளம் இருக்க வேண்டிய ஃபைலில் இரண்டே இரண்டு வரி மட்டும் குட்டை. ஒரு கடைக்காரர் தன் கடை பெயரைப் பதிவு செய்யும்போது பெயருக்கு நடுவில் என்டர் தட்டியிருக்கிறார். எங்கள் புது போர்ட்டல் அதை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டது, ராத்திரி ஃபைல் எழுதும்போது அந்த என்டர் வரியை இரண்டாக உடைத்துவிட்டது. ரெக்கார்டில் தொகைக்கு அப்புறம்தான் பெயர் வரும், அதனால் தொகை தப்பித்தது. அவ்வளவுதான் விஷயம். ஒரு என்டர்.

கண்டுபிடித்தபோது மணி மூன்று இருபத்தைந்து. திருத்த இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் ப்ரொடக்‌ஷனில் (நிஜமாக ஓடும் சிஸ்டத்தில்) கை வைக்க வேண்டுமென்றால் அவசர ஐடி வேண்டும், அதற்கு ஒரு மேனேஜர் அப்ரூவ் செய்ய வேண்டும், அவர் தூங்குகிறார், அவருக்கு மாற்றாகப் போட்டிருந்தவர் போன மாதமே கம்பெனியை விட்டுப் போய்விட்டார், லிஸ்டில் பெயரை எடுக்க மறந்திருக்கிறார்கள். நாற்பது நிமிஷம் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அப்ரூவல் கிடைத்து, திருப்பி ஓட்டி, ஃபைல் போனது நாலு இருபத்திரண்டுக்கு. வங்கியிலிருந்து 'பெற்றுக்கொண்டோம்' என்ற பதில் வரும் வரை நாற்காலியில் உட்காரவே முடியவில்லை.

காலையில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. எல்லாக் கடைக்காரர்களுக்கும் வழக்கம்போலப் பணம் விழுந்தது. டிக்கெட்டில் 'பாதிப்பு' என்ற இடத்தில் 'இல்லை' என்று நானே எழுதி மூடினேன். அடுத்த வாரம் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, பெயரில் என்டர் இருந்தால் ஃபைல் எழுதுவதற்கு முன்னாலேயே பிடிக்கிற மாதிரி வைத்தேன். அதோடு முடிந்தது.

அந்தக் காலாண்டில்தான் வேறொரு டீம் வெளியிட்ட டேஷ்போர்டு ஒன்பது மணி நேரம் படுத்துவிட்டது. அவர்களும் ராத்திரி முழுக்க விழித்துச் சரிசெய்தார்கள், அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் 'நெருக்கடியில் தலைமைப் பண்பு' என்று ஊரைக்கூட்டி அவர்களுக்கு விருது கொடுத்தார்கள். வருஷக் கடைசியில் எனக்கு வந்தது 'எதிர்பார்ப்புக்கு ஏற்ப', அதாவது நடுவில் ஒரு நம்பர். ஏன் என்று கேட்டேன். அப்போதைய மேனேஜர் நல்லவர்தான், சங்கடத்தோடு சொன்னார், "உன் பெயரில் மேலே காட்டுவதற்கு என்ன இருக்கு? புதுசா என்ன டெலிவர் பண்ணோம்னுதான் கேப்பாங்க." நான் அந்த ராத்திரியைச் சொன்னேன். "அதுல ஒண்ணும் ஆகலையேப்பா" என்றார். ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்வதுதானே என் வேலை என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. அவருக்கும் எல்லாரையும் ஒரு வளைவுக்குள் அடைக்க வேண்டிய கட்டாயம், பத்துப் பேரில் இத்தனை பேருக்குத்தான் மேல் ரேட்டிங் என்று மேலிருந்து கணக்கு வந்துவிடும். எங்கள் டீம் மொத்தமும் ரொம்ப வருஷமாக நடுநம்பரிலேயே கிடந்தது. எழுப்பினேனே, அந்த அக்காவும் சேர்த்து.

எச்சரிக்கையாக வேலை பார்ப்பது எப்படி என்று இந்த மாதிரி இடத்தில்தான் கற்றுக்கொள்ள முடியும் என்பதையும் சொல்ல வேண்டும். சேர்ந்த முதல் வாரப் பயிற்சியில் நைட் கேபிடல் கதையைச் சொன்னார்கள். 2012 ஆகஸ்ட் 1, அமெரிக்கப் பங்குச்சந்தை வர்த்தகக் கம்பெனி அது, எட்டு சர்வர்களில் புது புரோகிராம் போட வேண்டியது, ஒன்றில் விட்டுப்போனது. அந்த ஒன்றில் பல வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்த பழைய புரோகிராம் எழுந்து தானாக ஆர்டர் போட ஆரம்பித்தது, சுமார் 45 நிமிஷத்தில் 440 மில்லியன் டாலருக்கு மேல் நஷ்டம், கம்பெனியே கைமாறிப் போனது. எப்போதும் அந்தக் கதை மனசில் ஓடுவதால், புரோகிராமில் ஒரு வரி மாற்ற எட்டுக் கையெழுத்து கேட்டால் ஆரம்பத்தில் எரிச்சலாகவும் அப்புறம் நியாயமாகவும் தெரியும். அதில் ஐந்து நியாயம், மூன்று வெறும் சடங்கு. ஸ்டார்ட்அப்பிலிருந்து வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் மூச்சுமுட்டிப் போகிறார்கள். வருஷக் கடைசியில் ஷாப்பிங் சீசன் வந்தால் ஃப்ரீஸ், வாரக்கணக்கில் யாரும் எதையும் மாற்றக் கூடாது. சொல்லப்போனால் வருஷத்திலேயே நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கும் காலம் அதுதான், ஏதாவது தானாக உடையாத வரை.

ஆன்-கால் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. கஸ்டமர் ஒப்பந்தத்தில் சிஸ்டம் 99.99 சதவீத நேரம் ஓடும் என்று கையெழுத்துப் போட்டிருந்தால், வருஷம் முழுக்கச் சேர்த்து சுமார் 52 நிமிஷம்தான் படுத்துக்கிடக்கலாம். இன்னொரு ஒன்பது சேர்த்தால் ஐந்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் அதிகம். நீங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து லேப்டாப் திறந்து பாஸ்வேர்டு அடித்து போனில் வந்த ஓடிபியை அடித்து உள்ளே போகும் நேரத்திலேயே வருஷத்துக் கோட்டா காலி. முழுசாகச் செத்தால்கூடப் பரவாயில்லை, பேக்கப் எடுத்துக்கொள்ளும், பாதி உயிரோடு இருப்பதுதான் ஆபத்து. 2018 ஜூன் 1 அன்று ஐரோப்பாவில் விசா படுத்தது அப்படித்தான், டேட்டா சென்டரில் ஒரு ஸ்விட்ச் பாதி பழுதானதால் பேக்கப் ஸ்விட்ச் எழவில்லை, 52 லட்சம் பரிவர்த்தனைகள் தோற்றன. அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் ஆபீஸில் யாரும் சிரிக்கவில்லை, போட்டிக் கம்பெனியா இல்லையா என்றெல்லாம் யோசிக்கவுமில்லை. எங்கள் டீமில் ஐந்து வாரத்துக்கு ஒரு தடவை முறை வரும். இருவர் வேலையை விட்டுப் போய் ஆள் எடுக்காததால் மூன்று வாரத்துக்கு ஒரு தடவையானது, நான் கிளம்ப அதுவும் ஒரு காரணம்.

பிடித்த ஒரு விஷயம், கட்டாய லீவு. வருஷத்தில் ஒரு தடவை தொடர்ச்சியாக இரண்டு வாரம், லேப்டாப்பில் லாகின்கூட முடியாது, ஐடியையே முடக்கிவிடுவார்கள். பாசத்தால் இல்லை. வங்கித் துறையின் பழைய வழக்கம் இது, யாராவது கணக்கில் கை வைத்துத் தினமும் மறைத்துக்கொண்டிருந்தால் இரண்டு வாரம் ஆள் இல்லாதபோது வெளியே வந்துவிடும் என்று. நம்மைச் சந்தேகப்பட்டுத்தான் லீவு கொடுக்கிறார்கள், கொடுக்கட்டுமே. லீவு எடுக்கவில்லை என்று திட்டி மெயில் வருகிற வேலை வேறு எங்கே கிடைக்கும்.

கார்டு நம்பர் விஷயத்திலும் அதே சந்தேகம்தான், பிசிஐ டிஎஸ்எஸ் என்ற விதித்தொகுப்பு வேதம் மாதிரி. திரையில் ஆரம்பத்துச் சில இலக்கமும் கடைசி நாலும்தான் தெரியலாம், பின்பக்கத்து மூன்று இலக்க சிவிவியை அனுமதி முடிந்த பிறகு எங்கேயும் வைத்திருக்கவே கூடாது. சிஸ்டத்தில் நடப்பதை எழுதிவைக்கும் லாக் ஃபைல்களை ஒரு ஸ்கேனர் மேய்ந்துகொண்டே இருக்கும், கார்டு நம்பர் மாதிரி ஏதாவது தெரிந்தால் உடனே செக்யூரிட்டியிலிருந்து போன். கார்டு நம்பரின் கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களை வைத்துக் கணக்குப்போட்டு வருவது. சும்மா ஒரு 16 இலக்க எண்ணை எடுத்தால் பத்தில் ஒன்று அந்தக் கணக்குக்குத் தற்செயலாகப் பொருந்திவிடும். நான் லாகில் எழுதிய ஆர்டர் நம்பர்கள் அப்படிப் பொருந்தி, ஒரு மதியம் முழுக்கக் குற்றவாளி மாதிரி உட்கார்ந்து விளக்கம் எழுதியிருக்கிறேன்.

நான் எழுதுவது இன்ஜினியர் பக்கத்து அனுபவம். அதே கட்டிடத்தில் கீழ்த்தளத்தில் கால் சென்டர், அங்கே கதை வேறு. கடைக்காரர் "என் பணம் எங்கே" என்று கத்தும்போது காதில் வாங்குவது அவர்கள். கார்டுக்காரர் 'நான் வாங்கவே இல்லை' என்று மறுத்து, சார்ஜ்பேக் என்று பணம் கடைக்காரரிடமிருந்து திரும்பப் போகும்போது திட்டு வாங்குவதும் அவர்கள். எங்கள் தப்பு, அவர்கள் காது. ஒரு காலுக்கு இத்தனை நிமிஷம் என்று அளவு, எழுந்து போனால் திரையில் நிமிஷம் ஓடும், போன், பேனா, பேப்பர் எல்லாம் வெளியே லாக்கரில். நாங்கள் ஃப்ளெக்சிபிள் டைம் பற்றிப் பேசிக்கொண்டு காபியோடு லிஃப்டில் ஏறும்போது அவர்கள் இரண்டு நிமிஷ லேட்டுக்கு ஓடி வருவார்கள். கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கழுத்துப் பட்டையின் நிறமே வேறு. வருஷாந்திர விழாவுக்கு அந்த நிறத்துக்கு அழைப்பு கிடையாது. இந்தக் கம்பெனி எப்படி என்று யாராவது கேட்டால், எந்தத் தளத்தில் என்று நான் திருப்பிக் கேட்பது இதனால்தான்.

சம்பளம். ஆரம்பத்தில் சுமார், நடுவில் சுமார், வெளியே போய் இன்னொரு ஆஃபர் காட்டினால் மட்டும் திடீரென்று பட்ஜெட் பிறக்கும். ஆஃபர் லெட்டரில் ஆர்எஸ்யூ என்று கம்பெனிப் பங்கு ஒரு பெரிய தொகையாகப் போட்டிருப்பார்கள், அதைச் சம்பளமாக எண்ணி வீட்டுக் கடன் வாங்கிவிடாதீர்கள். வழக்கமான கணக்கு நாலு வருஷம், முதல் வருஷம் முடியும் வரை ஒன்றும் கைக்கு வராது, அதற்குள் நீங்கள் போனாலும் அவர்கள் அனுப்பினாலும் பூஜ்யம். கைக்கு வரும் நாளில் விலை எங்கே இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. பேபால் பங்கு 2021 ஜூலையில் 300 டாலருக்கு மேல் போனது, 2022 முடியும்போது 80-க்கும் கீழே. உச்சத்தில் ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போட்டவரின் வயிற்றெரிச்சலை யோசித்துப் பாருங்கள். போதாததற்கு, பங்கை விற்கவும் நினைத்த நாளில் முடியாது, காலாண்டு முடிவு வெளியாகும் சமயத்தில் கதவைச் சாத்திவிடுவார்கள்.

ஆட்குறைப்பு இந்தத் துறை முழுக்க ஒரு சீசன் மாதிரி வந்து போகிறது. ஸ்ட்ரைப் 2022 நவம்பரில் 14 சதவீதம் பேரை அனுப்பியது, பேபால் 2023 ஜனவரியில் சுமார் 2,000 பேர், அடுத்த ஜனவரியில் சுமார் 2,500 பேர். எங்களிடம் எண்ணிக்கையைச் சொல்லவே மாட்டார்கள், 'மறுசீரமைப்பு' என்று ஒரு மெயில், அவ்வளவுதான். காலண்டரில் பதினைந்து நிமிஷ மீட்டிங், தலைப்பில் ஒன்றும் இருக்காது, அழைத்தவர் மேனேஜரின் மேனேஜர், கூடவே எச்ஆர். அந்த மாதிரி நாளில் யாரும் வேலை பார்க்க மாட்டோம், சாட்டில் பெயர்களுக்குப் பக்கத்திலிருக்கும் பச்சைப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒருவர் என்னோடு ஒரு ஃபைல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், 'ஒரு நிமிஷம், ஒரு கால் வருது' என்று எழுதினார், புள்ளி சாம்பலானது. பதினோரு வருஷம் அங்கே இருந்தவர். அவர் அனுப்புவதாகச் சொன்ன குறிப்பு வரவே இல்லை, அந்த ஃபைலில் ஒரு இடம் ஏன் அப்படி இருக்கிறது என்று இன்றுவரை எங்கள் டீமில் யாருக்கும் தெரியாது.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் ஆறரை வருஷம் இருந்தாய் என்றால், டீம். ராத்திரி மூன்று மணிக்கு எழுப்பினாலும் எரிந்து விழாத மனிதர்கள் ஒரே இடத்தில் ஐந்து பேர் கிடைப்பது லேசு இல்லை. அப்புறம் அந்தப் பழைய விஷயங்களுக்கு வெளியே நல்ல கிராக்கி இருக்கிறது, அது எனக்கே கிளம்பிய பிறகுதான் தெரிந்தது. 8583 தெரிந்தவர், அதிலிருந்து ஐஎஸ்ஓ 20022 என்ற புது மெசேஜ் வடிவத்துக்கு மாற்றத் தெரிந்தவர், ரீகானில் வித்தியாசம் வந்தால் எங்கே தேடுவது என்று தெரிந்தவர் குறைவு. ஆனால் கம்பெனிக்குள்ளேயே செய்த சொந்த டூல்களில் மட்டும் நிபுணராகிவிட்டால் மாட்டினீர்கள், வெளியே அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது வெளியே இன்டர்வியூ போய் உட்கார்ந்து பாருங்கள், போக வேண்டும் என்பதற்காக இல்லை, நம் விலை என்ன என்று தெரிந்துகொள்ள.

சேர நினைப்பவர்கள் கம்பெனியைப் பற்றி விசாரிப்பதை விட டீமைப் பற்றி விசாரியுங்கள். ஆன்-கால் எத்தனை வாரத்துக்கு ஒரு தடவை, அதற்குத் தனிப் பணமா, மறுநாள் லீவா, இல்லை இரண்டுமே இல்லையா. இந்த மேனேஜர் இந்த இடத்தில் எவ்வளவு நாளாக இருக்கிறார். டீம் எந்தப் பழைய கம்பெனியிலிருந்து வந்தது, அதே வேலையைச் செய்கிற இன்னொரு டீம் வேறெங்காவது இருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு அவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பதில் சொன்னால், அந்த யோசனையே பதில். புதுசாக ஏதாவது கட்டி, பெயர் வாங்கி, சீக்கிரம் மேலே போக வேண்டும் என்பவர்கள் ப்ராடக்ட் டீம்களில் மட்டும் சேருங்கள், எங்கள் பக்கம் வராதீர்கள். படிப்பு முடித்து முதல் வேலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு எங்கள் பக்கம் வரலாம், மூன்று வருஷம்.

ராஜினாமா போட்டபோது எச்ஆர் ஒரு எக்சிட் ஃபார்ம் கொடுத்தார்கள், கடைசிக் கேள்வி, 'எங்களிடம் மறுபடி சேர்வீர்களா'. அந்த டீமுக்கு என்றால் ஆம் என்று எழுதினேன், அந்தப் பெட்டி ஆம், இல்லை தவிர வேறெதையும் வாங்கவில்லை, அதனால் காலியாக விட்டேன். நோட்டீஸ் காலம் மூன்று மாதம், ஒரு நாள்கூடக் குறைக்கவில்லை. கடைசி நாள் லேப்டாப்பையும் பட்டையையும் கொடுத்துவிட்டு வந்தேன். லட்சக்கணக்கான கடைகளுக்கு மறுநாளே கணக்கு முடித்துப் பணம் போடுகிற கம்பெனி, எனக்குக் கடைசிச் சம்பளக் கணக்கை முடித்துப் போட 52 நாள் எடுத்துக்கொண்டது. அதிலும் ஒரு லீவு நாளை இரண்டு தடவை பிடித்திருந்தார்கள், டிக்கெட் போட்டிருக்கிறேன், இன்னும் 'ஓப்பன்' என்றுதான் காட்டுகிறது.